சத்தம் எங்கே நிற்கிறது?

லாப்டொப்பில் சத்தம் வரவில்லை என்று எங்கள் கரையில் யாராவது வந்து நின்றால், மூடியைத் திறப்பதற்கு முன்பே டோர்ச்சை எடுத்து அதன் பக்கவாட்டில் இருக்கும் ஹெட்போன் துளைக்குள் அடித்துப் பார்ப்பேன். உள்நாட்டு ஊர்களில் இருக்கும் திருத்துநருக்கு இந்தப் பழக்கம் தேவைப்படாது. உடப்பிலிருந்து கல்பிட்டி வரை நீளும் எங்கள் மணல் நிலத்தில் ஒரு பக்கம் கடல், மறுபக்கம் களப்பு. கச்சான் காற்று பிடித்தால் காலையில் துடைத்த மேசையில் மாலையில் விரலை வைத்தால் பிசுபிசுக்கும். நாக்கில் வைத்தால் கரிக்கும். புத்தளத்து உப்பளங்களில் களப்பு நீரை வெள்ளை உப்பாக்கித் தருவது இந்தக் காற்றும் வெயிலும்தான். அதே காற்று வீட்டுக்குள் வந்து ரேடியோ, ரிவி, லாப்டொப் என்று எதிலிருக்கும் செம்பையும் பித்தளையையும் மெல்ல மெல்லத் தின்னும்.

அந்தச் சின்னத் துளைக்குள் மெல்லிய தகடுகள் சில உண்டு. அவற்றில் ஒன்றின் வேலை சத்தத்தைக் கொண்டுபோவது அல்ல. ஹெட்போன் செருகியிருக்கிறதா இல்லையா என்று கணினிக்குச் சொல்வது. செருகி உள்ளே போனதும் தகடு நகரும். கணினி ஒலிபெருக்கியை மூடிவிட்டுச் சத்தத்தை ஹெட்போன் பக்கம் திருப்பும். தகட்டில் பச்சை பூத்தாலோ, தூசு அடைத்தாலோ, துளை வெறுமையாக இருக்கும்போதும் ஹெட்போன் இருப்பதாகவே அது சொல்லிக்கொண்டிருக்கும். கணினி அதை நம்பும். பாட்டு ஓடும், திரையில் சத்தப் பட்டை ஏறி இறங்கும், ஒலிபெருக்கியில் மட்டும் ஒன்றும் வராது. பிள்ளைகள் பொறுமையிழந்து, கணினியை ஓட்டும் லினக்ஸ் இயங்குதளத்தையே அழித்துவிட்டுத் திரும்பப் போடுவார்கள். பாடக் குறிப்புகளும் கலியாணப் படங்களும் அதோடு போகும். சத்தம் அப்போதும் வராது.

லினக்ஸில் இதைக் கண்டுபிடிப்பது கஷ்டமில்லை. ஒலி அமைப்பைத் திறந்து பார்த்தால், யாரும் எதையும் செருகாதபோதும் வெளியீடு 'ஹெட்போன்ஸ்' என்று நிற்கும். டெர்மினலில் அல்சாமிக்சர் என்று தட்டினால் நிமிர்ந்த பட்டைகள் வரிசையாக வரும். சில கணினிகளில் வலக் கோடியில் 'ஓட்டோ மியூட்' என்று ஒன்று இருக்கும். அதை நிறுத்திவிட்டு, வெளியீட்டில் ஸ்பீக்கரை நாமே தெரிவுசெய்தால் சத்தம் வந்துவிடும். அது அன்றைய பாடத்தைக் கேட்டு முடிப்பதற்கான வழி. துளையில் இருக்கும் உப்பு அங்கேயேதான் இருக்கும். இயந்திரத்தை நிறுத்தி, மின்சாரத்தைக் கழற்றி, பற்றரி கழற்றக்கூடியதென்றால் அதையும் கழற்றி, இலத்திரனியல் கடைகளில் விற்கும் கொண்டக்ட் கிளீனரைப் பழைய ஹெட்போன் செருகியொன்றில் சிறிது அடித்து, அதைத் துளைக்குள் நுழைத்து எடுத்து நுழைத்து எடுத்துத் துப்புரவாக்க வேண்டும். பிறகு நன்றாகக் காயவிட வேண்டும். காயும்வரை காத்திருக்கச் சொன்னால் இளம் பிள்ளைகளுக்குத் தாங்காது. முற்றத்தில் இருக்கும் கதிரையைக் காட்டி, ஒரு பிளேன்ரீ கொடுத்து உட்கார வைப்பேன்.

என்னை ரேடியோ பாஸ் என்பார்கள் பெரியவர்கள். பிள்ளைகளுக்கு நான் ரேடியோ மாமா. ரேடியோ திருத்துவதை நிறுத்திப் பல காலமாகியும் பெயர் மாறவில்லை. தொழில் பழகியது சிலாபத்தில், ஒரு சிங்கள பாஸிடம். தமிழும் சிங்களமும் கலந்து கதைப்பார். வேலைக்குச் சேர்ந்த புதிதில் எனக்கு ஸ்குரூ டிரைவரைக் கையில் எடுத்தால்தான் வேலை தொடங்கியதாகத் தோன்றும். ரேடியோ வந்த மறுகணம் முதுகுப் பலகையைக் கழற்றிவிடுவேன். பாஸ் அதைத் திரும்ப மாட்டச் சொல்வார். கொண்டுவந்த ஆளை உட்கார வைத்து, "சத்தம் போறதுக்கு முந்தி என்ன நடந்தது?" என்று கேட்பார். ஆள் முதலில் ஒன்றும் நடக்கவில்லை என்பார். பாஸ் பேசாமல் வெற்றிலை மடிப்பார். கொஞ்ச நேரத்தில் ஆளே சொல்லுவார்: முந்தாநாள் மழையில் கூரை ஒழுகியது, சின்ன மகன் ஏரியலைப் பிடித்து இழுத்தான், அலுமாரி மேலிருந்து விழுந்தது. பாதி வேலை அங்கேயே முடிந்துவிடும்.

மீதிப் பாதிக்கு அவர் ஒரு வித்தை வைத்திருந்தார். ட்ரான்சிஸ்டர் ரேடியோவைப் போட்டுவிட்டு, சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் திருகியின் உள்முனையில் ஸ்குரூ டிரைவரின் நுனியால் மெதுவாகத் தொடுவார். ஒலிபெருக்கியில் 'கர்ர்' என்று இரைச்சல் வந்தால் அந்த இடத்துக்குப் பின்னால் உள்ளதெல்லாம் நலம். பழுது முன்னால், அலையைப் பிடிக்கும் பக்கத்தில். இரைச்சல் வராவிட்டால் முன்னால் தேட வேண்டியதில்லை. பெருக்கியிலும் ஒலிபெருக்கியிலும் தேடினால் போதும். ஒரே தொடுகையில் ரேடியோவில் பாதியைச் சந்தேகத்திலிருந்து விடுவிப்பார். மீதியிலும் நடுவில் தொடுவார். அப்படிப் பாதி பாதியாகக் குறுக்கிக்கொண்டே போய்க் கடைசியில் ஒரு சின்னக் கொண்டன்சரில் விரலை வைப்பார். லாப்டொப் வந்து, லினக்ஸ் வந்து, எல்லாம் மாறிய பிறகும் நான் செய்வது இதைத்தான். சத்தம் புறப்படும் இடம் ஒன்று, வந்துசேரும் இடம் ஒன்று. இடையில் எந்த இடத்தில் நிற்கிறது என்று பார்க்கிறேன்.

எங்கள் மாவட்டத்துக் கரைக்கும் வானொலிக்கும் நெருங்கிய உறவு இருந்தது. சிலாபத்துக்கு அண்மையில் இரணவிலவில் அமெரிக்கக் குரல் என்ற வானொலியின் சிற்றலை அஞ்சல் நிலையம் இருந்தது. மீனவர்களும் கத்தோலிக்கக் குருமாரும் அது வரக் கூடாது என்று போராடியதும், பிறகு அது வந்ததும், உயர்ந்த கோபுரங்கள் நின்றதும் என் வயதுக்காரருக்கு நினைவிருக்கும். 2016 இல் அது மூடப்பட்டது. 2020 இல் அதே கட்டடங்கள் கொவிட் நோயாளரின் சிகிச்சை நிலையமாயின. சிற்றலை ஓய்வதற்கு முன்பே என் மேசைக்கு வரும் ரேடியோக்கள் குறைந்து, அந்த இடத்துக்குக் கணினிகள் வரத் தொடங்கியிருந்தன.

லினக்ஸ் என்னிடம் தபாலில் வந்தது. உபுண்டு என்ற லினக்ஸ் வடிவம் 2004 ஒக்டோபரில் வெளியானபோது, உலகத்தில் எவர் கேட்டாலும் குறுந்தட்டை இலவசமாகத் தபாலில் அனுப்பினார்கள். முத்திரைச் செலவும் கேட்கவில்லை. 2011 வரை அது நடந்தது. கொழும்பில் இருந்த மருமகன் என் விலாசத்தைக் கொடுத்துவிட, தபால்காரர் ஒருநாள் மெல்லிய உறையொன்றைக் கொண்டுவந்து தந்தார். காசு வாங்காமல் இவ்வளவு தூரம் ஏன் அனுப்புகிறார்கள் என்று அவர் என்னைக் கேட்டார். எனக்கும் அப்போது முழுதாக விளங்கவில்லை. 1991 இல் பின்லாந்தில் லினஸ் டோர்வால்ட்ஸ் என்ற மாணவர் தொடங்கிய, லினக்ஸின் அடித்தளமான கேர்னலை எவரும் வாசிக்கலாம், திருத்தலாம், பிரதி எடுத்துக் கொடுக்கலாம் என்று பிறகு வாசித்தேன். ரேடியோவின் முதுகுப் பலகையின் உட்புறத்தில் சுற்றுப்படத்தை ஒட்டி அனுப்பிய காலத்தில் தொழில் பழகிய எனக்கு அது பிடித்துப்போனது. படம் கையில் இருந்தால் பழுதைத் தேடலாம். சுற்றுப்படத்தை மறைத்து இயந்திரத்தை மட்டும் விற்பது திருத்துகிறவனுக்குச் செய்யும் அநீதி என்று இன்றைக்கும் நினைக்கிறேன்.

தட்டைப் போட்டுக் கணினியை ஏற்றினேன். படம் வந்தது, இணையம் வந்தது, சத்தம் வரவில்லை. அங்கிருந்துதான் என் பாடம் தொடங்கியது.

லினக்ஸில் சத்தம் ஒரே தாவலில் ஒலிபெருக்கிக்கு வருவதில்லை. உப்பளத்தில் களப்பு நீர் வாய்க்கால் வழியாக வந்து, பாத்தி பாத்தியாக மடை திறந்து மடை திறந்து கடைசிப் பாத்திக்குப் போகிறதல்லவா, அது போலப் பல மடைகளைத் தாண்டித்தான் வருகிறது. பாட்டு ஓடும் செயலி முதல் மடை. அதிலேயே சத்தம் குறைத்திருக்கலாம். அடுத்தது ஒலிச் சேவையகம். எந்தச் செயலியின் சத்தம் எந்த வெளியீட்டுக்குப் போவது என்று தீர்மானிக்கிற இடம். அதற்குக் கீழே அல்சா, கேர்னலோடு சேர்ந்திருந்து ஒலிச் சிப்போடு நேரே பேசுகிற பகுதி. அதற்கும் கீழே சிப், பெருக்கி, கம்பி, கடைசியில் ஒலிபெருக்கி. கடைசிப் பாத்தி காய்ந்து கிடந்தால் உப்பளக்காரர் எல்லாப் பாத்தியையும் வெட்டித் திருத்தமாட்டார். வரம்பில் நடந்துபோய் எந்த மடை அடைத்திருக்கிறது என்று பார்ப்பார்.

இந்த மடைகளும் ஒரே நாளில் கட்டப்பட்டவை அல்ல. தொடக்கத்தில் ஓஎஸ்எஸ் என்ற முறை இருந்தது. பல கணினிகளில் ஒரு நேரத்தில் ஒரு செயலிக்குத்தான் அது வழிவிடும். பாட்டு ஓடினால் அழைப்பு மணி கேட்காது. செக் நாட்டு யாரொஸ்லாவ் கிசேலா 1998 இல் அல்சாவைத் தொடங்கினார். 2003 டிசம்பரில் வந்த 2.6 கேர்னலோடு அது நிலைபெற்றது. பல செயலிகளின் சத்தத்தைக் கலந்து, ஒவ்வொன்றையும் தனித்தனியே கூட்டிக் குறைக்க ஜெர்மனியின் லென்னார்ட் பொட்டரிங் பல்ஸ்ஓடியோவை எழுதினார். 2008 ஏப்ரலில் உபுண்டு 8.04 அதை ஏற்றுக்கொண்டபோது பட்ட பாடு எனக்கு மறக்காது. வெடிப்புச் சத்தம், இழுபடும் சத்தம், சத்தமே இல்லாத நிலை என்று எல்லாம் வந்தன. பலர் பல்ஸ்ஓடியோவைப் பிடுங்கி எறிந்தார்கள். நியாயமாகப் பார்த்தால், ஒலிச் சிப்பை இயக்கும் பழைய டிரைவர்களுக்குள் ஒளிந்திருந்த குறைகள் பலவற்றை இந்தப் புதியவர் வந்துதான் வெளியே கொண்டுவந்தார். பழி மட்டும் புதியவர் தலையில் விழுந்தது. குடும்பத்துக்குள் மருமகளுக்கு நடப்பதுதான். அடுத்து விம் தைமன்ஸ் எழுதிய பைப்வயர் வந்தது. 2021 ஏப்ரலில் ஃபெடோரா என்ற இன்னொரு லினக்ஸ் வடிவத்தின் 34 ஆம் பதிப்பு அதற்கு மாறியது, 2022 ஒக்டோபரில் உபுண்டு 22.10 மாறியது. இன்றைக்கு என்னிடம் வரும் புதிய நிறுவல்களில் அதுதான் இருக்கிறது. பழைய பெயர்களில் தட்டினாலும் அது பதில் சொல்கிறது. பல்ஸ்ஓடியோவுக்கென்று எழுதிய செயலிகள் வித்தியாசம் தெரியாமலே ஓடுகின்றன. பழசோடு பழகியவர்களைக் கைவிடாமல் புதிதைக் கட்டுவது பெரிய பண்பு.

கொவிட் பரவியதால் 2020 மார்ச் நடுப்பகுதியில் பாடசாலைகள் மூடப்பட்டன. அதுவரை லாப்டொப்பில் சத்தம் இல்லாவிட்டால் படம் பார்க்க முடியாது, அவ்வளவுதான். அதற்குப் பிறகு சத்தம் இல்லையென்றால் ஆசிரியர் இல்லை. எங்கிருந்தெல்லாமோ பழைய கணினிகளைத் தேடி எடுத்தார்கள். விண்டோஸ் இழுக்க முடியாத அந்தக் கிழட்டு இயந்திரங்களில் யாரோ லினக்ஸ் போட்டுக் கொடுத்திருப்பார்கள்.

நின்றுபோன பஸ்கள் திரும்ப ஓடத் தொடங்கிய பிறகு, கல்பிட்டியிலிருந்து ஒரு தாயும் மகளும் வந்தார்கள். பாலாவிச் சந்தியில் இறங்கி, அடுத்த பஸ் பிடித்து, முந்தலில் இறங்கி வந்திருந்தார்கள். மகள் உயர்தரம் படிக்கிற பிள்ளை. லாப்டொப் ஒரு சாரத்தில் சுற்றியிருந்தது. பிள்ளை இணையத்தில் தேடிப் பல கட்டளைகளை ஏற்கெனவே தட்டிப் பார்த்திருந்தாள். "எல்லாம் செஞ்சிட்டன் மாமா, டிரைவர் பழுதாப் போச்சு" என்றாள். துளையை டோர்ச் அடித்துப் பார்த்தேன், சுத்தமாக இருந்தது. என் பாஸின் கேள்வியைக் கேட்டேன். ஒன்றும் நடக்கவில்லை என்று பிள்ளை சொன்னாள். நான் உம்மாவைப் பார்த்துக் கேட்டேன். அவர் தயங்கித் தயங்கி, "அன்டைக்கு ரிவியில மாட்டினமே, சின்னவங்களுக்குப் படம் காட்ட, அதுக்குப் பொறகுதான்" என்றார். மகள் அவரைக் கையால் தடுத்தாள்: "அதுக்கும் இதுக்கும் என்ன உம்மா?"

அதற்கும் இதற்கும்தான் சம்பந்தம். ரிவியில் மாட்டும் எச்டிஎம்ஐ கம்பி படத்தோடு சத்தத்தையும் கொண்டுபோகும். அன்றைக்குச் சத்தத்தை ரிவிக்குத் திருப்பியிருந்தார்கள். கம்பியைக் கழற்றிய பிறகும் ஒலி அட்டையின் அமைப்பு எச்டிஎம்ஐ பக்கமே நின்றுவிட்டது. இல்லாத ரிவிக்குக் கணினி பாடத்தை ஒழுங்காக அனுப்பிக்கொண்டிருந்தது. பவுகொன்ட்ரோல் என்ற செயலியின் கடைசித் தாவலைத் திறந்து, பிள்ளையையே 'அனலொக் ஸ்டீரியோ' என்பதைத் தெரிவுசெய்யச் சொன்னேன். அவள் அழுத்தியதும், பின்னால் திறந்து கிடந்த பாடத்திலிருந்து ஓர் ஆசிரியரின் குரல் நடு வசனத்தில் வெடித்துக் கிளம்பியது. இரண்டு பேரும் திடுக்கிட்டுப்போனார்கள்.

இரண்டு பஸ் மாறி வந்தவர்களிடம் 'இவ்வளவுதான் விஷயம்' என்று சொல்லக் கூடாது. என் பாஸ் அதில் கடுமையாக இருந்தார். பழுது சின்னதென்று நாம் சொன்னால், அதற்காக அலைந்தவர் தன்னைச் சின்னவராக உணர்வார். அடுத்த முறை வேறு எதற்கும் உதவி கேட்க வரமாட்டார். நான் அந்தப் பிள்ளைக்கு எச்டிஎம்ஐ எப்படி வேலை செய்கிறது என்று கடதாசியில் கீறிக் காட்டினேன். உம்மாவிடம், பழுதைக் கண்டுபிடித்தது நீங்கள்தான் என்றேன். அது உபசாரத்துக்குச் சொன்ன வார்த்தையல்ல. அவர் சொல்லியிராவிட்டால் நான் இன்னும் நாலு இடத்தில் தொட்டுப் பார்த்திருப்பேன்.

அதைவிடக் கஷ்டமானது 'டம்மி அவுட்புட்' என்று திரையில் வருவது. ஒலிச் சேவையகம் கீழே தேடிப் பார்த்து ஓர் ஒலி அட்டையும் கிடைக்காமல், சத்தத்தைக் கொட்டுவதற்குப் பொய்யான வெளியீடொன்றை வைத்துக்கொள்கிறது என்று அர்த்தம். இங்கே மேல் மடைகளில் எவ்வளவு திருகினாலும் பயனில்லை. ஏபிளே கட்டளையோடு சின்ன எல் எழுத்தைச் சேர்த்துத் தட்டினால் கேர்னலுக்குத் தெரிந்த ஒலி அட்டைகள் வரிசையாக வரும். அங்கே அட்டை இருந்தால் சேவையகத்தை நிறுத்தித் தொடங்கினால் பல நேரம் சரியாகிவிடும். அங்கேயும் இல்லாவிட்டால் கேர்னல் தொடங்கும்போது எழுதிய பதிவை வாசிக்க வேண்டும். அண்மைய இன்டெல் லாப்டொப்புகள் பலவற்றில், முக்கியமாக உள்ளேயே டிஜிட்டல் மைக் வைத்தவற்றில், ஒலிப் பகுதிக்கென்று ஒரு தனிச் சின்ன மூளை இருக்கிறது. அதற்குள் ஏற்றுவதற்கு சவுண்ட் ஓப்பன் ஃபர்ம்வேர் என்ற கோப்புகள் வேண்டும். அந்தப் பொதி இல்லாத நிறுவலில் அட்டையே தலைகாட்டாது. டெபியன் என்ற லினக்ஸ் வடிவத்தைத் தருபவர்கள் இவ்வகைக் கோப்புகளைக் கொள்கைக்காக நீண்ட காலம் நிறுவல் தட்டுக்கு வெளியே வைத்திருந்தார்கள். 2022 இல் வாக்கெடுத்து, 2023 ஜூனில் வந்த டெபியன் 12 இலிருந்து உள்ளே சேர்த்தார்கள். கொள்கையை மதிக்கிறேன். ஆனால் பரீட்சைக்கு மூன்று கிழமை இருக்கும் பிள்ளையின் கையில் ஊமை இயந்திரத்தைக் கொடுத்துவிட்டுக் கொள்கை பேச என்னால் முடியாது. அந்த வாக்கெடுப்பு நல்ல பக்கம் போனது.

மைக் விஷயத்தில் நான் கண்ட விசித்திரம் ஒன்றைச் சொல்ல வேண்டும். உடப்பில் கரைவலை இழுக்கும்போது பாடும் அம்பாப் பாட்டை எங்கள் ஊர் இளைஞர் ஒருவர் லாப்டொப்பின் உள்மைக்கிலேயே பதிவுசெய்தார். வலைக் கயிறு தோளில் இருக்க, ஒருவர் எடுத்துக் கொடுக்க மற்றவர்கள் வாங்கிப் பாடுகிற பாட்டு அது. பதிவு லாப்டொப்பில் நன்றாகக் கேட்டது. கைப்பேசிக்கு அனுப்பிப் போட்டால் காற்றின் இரைச்சல் மட்டும் எங்கோ தூரத்தில் கேட்டது, பாட்டு இல்லை. பையன் கலங்கிப்போய் வந்தான். மறுபடி பாடச் சொல்லிக் கேட்டானாம். எடுத்துக் கொடுத்த பெரியவர், "கையில கயிறு இல்லாம அம்பா வராது தம்பி" என்று சொல்லிவிட்டாராம். அவர் சொன்னது சரி. இழுவையின் மூச்சில்தான் அந்தப் பாட்டு நிற்கிறது. திண்ணையில் உட்கார்ந்து பாடினால் வேறொன்றாகிவிடும்.

ஓடாசிட்டி என்ற ஒலித் தொகுப்புச் செயலியில் கோப்பைத் திறந்தோம். இடம், வலம் என்று இரண்டு அலைக்கோடுகள். இரண்டிலும் சத்தம் தாராளமாக இருந்தது. நன்றாகப் பெரிதாக்கிப் பார்த்தபோதுதான் தெரிந்தது: இடப்பக்க அலை மேலே ஏறும் அதே கணத்தில் வலப்பக்க அலை கீழே இறங்கியது. ஒன்று மற்றதன் தலைகீழ். சில லாப்டொப்புகளில் மைக்கை அப்படி இணைத்திருக்கிறார்கள். இரண்டு ஒலிபெருக்கிகள் இருக்கும்போது தனித்தனியாகக் கேட்டுவிடும். கைப்பேசியின் ஒற்றை ஒலிபெருக்கிக்காக இரண்டையும் கூட்டும்போது ஒன்றையொன்று அடித்துக்கொண்டு பூச்சியமாகிவிடும். மிஞ்சியது, இரண்டு பக்கமும் ஒரேமாதிரி இல்லாத காற்றின் இரைச்சல் மட்டும். ஒரு பக்கத்தை அழித்தோம். பாட்டு முழுதாக வந்தது. கயிறு இழுபடும் சத்தம்கூட. இனிமேல் இப்படி வராமலிருக்க, அல்சாமிக்சரில் எஃப் 4 ஐ அழுத்திப் பதிவுப் பக்கத்துக்குப் போய், மைக்கின் வலப்பக்கத்தை மட்டும் 'சி' எழுத்தால் கீழே இறக்கிவிட்டோம். பேச்சுச் செயலிகளில் மற்றவர்களுக்குத் தங்கள் குரல் கேட்கவில்லை என்று சொல்லிக்கொண்டு வந்தவர்களில் சிலருக்கும் காரணம் இதுவாகவே இருந்தது. அவர்கள் தாங்களே பதிவுசெய்து கேட்டால் நன்றாகக் கேட்கும், அதனால் எதிர்ப்பக்கத்தில் இருப்பவரின் கைப்பேசியைக் குறைசொல்வார்கள்.

2022 இல் வேறொரு வகைப் பழுது வந்தது. நுரைச்சோலை அனல்மின் நிலையம் எங்கள் மாவட்டத்திலேயே இருக்கிறது. ஆனாலும் அந்த வருடம் நாட்டோடு சேர்ந்து நாங்களும் மின்வெட்டில் மணிக்கணக்கில் இருட்டில் இருந்தோம். பற்றரி செத்த லாப்டொப்புகள் மின்சாரம் போகும்போது அதே நொடியில் அணைந்துவிடும். அல்சா தன் அளவுகளை எழுதி வைப்பது கணினியை ஒழுங்காக நிறுத்தும்போதுதான். திடீரென்று அணைந்தால் புதிய அளவுகள் எழுதப்படாமல் போகும். மின்சாரம் வந்ததும் எப்போதோ எழுதிய பழைய அளவுகளோடு எழும்பும். அந்தப் பழைய அளவில் ஸ்பீக்கர் மூடியிருந்தால் திரும்பவும் மூடியே இருக்கும். அல்சாமிக்சரில் பட்டையின் அடியில் எம் எம் என்று இரண்டு எழுத்துகள் தெரிந்தால் அது மூடியிருக்கிறது; எம் எழுத்தை அழுத்தினால் ஓ ஓ என்று மாறும், சத்தம் வரும். மாற்றிய பிறகு அல்சாசிடிஎல் ஸ்டோர் என்ற கட்டளையை நிர்வாகி அனுமதியோடு ஓடவிட்டால் அந்த அளவு உடனேயே எழுதப்பட்டுவிடும். மின்வெட்டு நேர அட்டவணையை நிலைக்கதவில் ஒட்டி வைத்திருந்த காலத்தில் இந்த ஒரு கட்டளையை ஊரில் பல பிள்ளைகள் மனப்பாடமாகவே வைத்திருந்தார்கள்.

கட்டளைகளைப் பற்றி எனக்கு ஓர் ஆதங்கம் உண்டு. எங்கிருந்தோ கிடைத்த கட்டளையைப் பிள்ளைகள் வரிசையாகத் தட்டுகிறார்கள். ஒன்று பல்ஸ்ஓடியோவை அழிக்கிறது, அடுத்தது அதன் அமைப்பை மாற்றுகிறது, மூன்றாவது கேர்னலுக்கு ஏதோ வேறு மாதிரி லாப்டொப்பின் பெயரைச் சொல்லிக் கொடுக்கிறது. நாலாவதில் சத்தம் வந்தாலும் எதனால் வந்தது என்று தெரியாது. வராவிட்டால், முதலில் இருந்த ஒரு பழுதோடு மூன்று புதிய பழுதுகளும் சேர்ந்து என் மேசைக்கு வருகின்றன. ஒரு மாற்றம், ஒரு சோதனை; பலன் இல்லையென்றால் அந்த மாற்றத்தைத் திருப்பிவிட்டு அடுத்தது. செய்ததைக் கொப்பியில் எழுதுங்கள் என்று சொல்கிறேன். திகதி, தட்டியது, வந்த பதில். லாப்டொப்போடு கொப்பியையும் கொண்டு வருகிற பிள்ளையின் வேலை என்னிடம் சீக்கிரம் முடியும். அநேகமான நேரங்களில் அந்தப் பிள்ளை எனக்கு முன்னால் உட்கார்ந்து, தான் எழுதியதை வாசித்துக் காட்டும்போதே விடையைக் கண்டுபிடித்துவிடும்.

என்னால் முடியாதவையும் வருகின்றன. சில புதிய மெல்லிய லாப்டொப்புகளில் ஒலிபெருக்கிகளுக்கென்று தனிப் பெருக்கிச் சிப்புகள் வைக்கிறார்கள். அவற்றை எழுப்ப ஒவ்வொரு மாதிரிக்கும் கேர்னலில் ஒரு சில வரிகள் சேர வேண்டியிருக்கிறது. சேரும்வரை ஹெட்போனில் கேட்கும், ஒலிபெருக்கியில் கேட்காது. அட்டை இருக்கும், அளவு முழுதாக இருக்கும், எந்த மடையும் மூடியிருக்காது. முந்தலிலிருந்து ஒரு பொடியன் அப்படி ஒன்றைக் கொண்டுவந்தான். அவனுக்கு அல்சா இன்ஃபோ என்ற சிறு நிரலை ஓடவிடக் காட்டினேன். அது இயந்திரத்தின் ஒலிப் பகுதியைப் பற்றிய எல்லா விபரத்தையும் ஒரே கோப்பில் திரட்டித் தரும். அதை வைத்துக்கொண்டு, தன் லாப்டொப்பின் மாதிரி, எது கேட்கிறது, எது கேட்கவில்லை, என்ன செய்து பார்த்தான் என்பதையெல்லாம் ஆங்கிலத்தில் எழுதி, கேர்னலின் ஒலிப் பகுதியைப் பராமரிப்பவர்களுக்கு அனுப்பச் சொன்னேன். தன் ஆங்கிலம் போதாது என்று கூச்சப்பட்டான். அல்சாவைத் தொடங்கிய செக் நாட்டுக்காரரும் பல்ஸ்ஓடியோவை எழுதிய ஜெர்மனிக்காரரும் ஆங்கிலத்தில் பிறந்தவர்களில்லை என்று சொன்னேன். இரண்டு பேருமாக ஒரு பின்னேரம் முழுக்க உட்கார்ந்து எழுதினோம். 'சத்தம் வரவில்லை' என்ற முதல் வரியை அடித்துவிட்டு, எங்கே வரை வருகிறது, எங்கே நிற்கிறது என்று எழுத வைத்தேன்.

இப்போதைக்கு யூஎஸ்பியில் மாட்டுகிற சின்ன ஒலி அடாப்டர் ஒன்றில் பழைய ஸ்பீக்கரைக் கோர்த்துக் கேட்டுக்கொண்டிருக்கிறான். புதிய கேர்னல் வரும்போதெல்லாம் அடாப்டரைக் கழற்றிவிட்டு ஒருமுறை சோதித்துப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன். அடாப்டரின் முனையில் கிழமைக்கொரு தடவை உப்புத் துடைக்கவும் சொல்லியிருக்கிறேன். அவன் வீடு களப்போரத்தில்.